கூழில் எழுதிய நீலம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நைஜீரிய ஓவியர்களைப் பற்றிய கட்டுரையில் நிகே டேவிஸ்-ஒகுண்டாயேவைப் 'பெண்ணிய ஓவியர்' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். பறவைகள், மேளக்காரர்கள், சந்தைப் பெண்கள். கோபமே இல்லை. பாதிக்குப் பாதி சாயத்துணி வேறு. இதில் ஓவியம் எது, பெண்ணியம் எது?

எம்., கோவை

அன்புள்ள எம்,

சாயத்துணியிலிருந்தே தொடங்குகிறேன், விடை அங்கேதான் இருக்கிறது. (நிகே என்பது ஓயேநிகேயின் சுருக்கம். ஆங்கிலத்தில் Nike என்றே எழுதினாலும், ஷூ கம்பெனிக்கும் இவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.)

நைஜீரியாவின் யொருபா இனப் பெண்கள் செய்யும் அந்தத் துணிக்கு 'அடிரே எலெக்கோ' என்று பெயர். எக்கோ என்றால் கூழ். மரவள்ளி மாவில் படிகாரம் சேர்த்துக் காய்ச்சி, கோழி இறகையோ ஈர்க்குச்சியையோ தொட்டு, வெள்ளைப் பருத்தித் துணியின் ஒரு பக்கம் மட்டும் வரைவார்கள். கூழ் பட்ட இடத்தில் சாயம் அவ்வளவாக ஏறாது, அதுதான் கோடாக நிற்கும். கூழ் நீர்த்திருந்தால் சாயம் உள்ளே புகுந்து கோடு கலங்கிவிடும். கெட்டியாக இருந்தால் துணியை மடக்கும்போது வெடித்து, வெடிப்பெல்லாம் நீலம் ஓடும். முழுக்க உலராமல் சாயத் தொட்டியில் இறக்கினால் கோடே கரைந்துவிடும். அழிப்பான் கிடையாது, இறகு நழுவினால் நழுவியதுதான். இதை ஓவியம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாயம் 'எலு' என்ற கொடியின் இலை. இடித்து உருண்டை பிடித்துக் காயவைத்து, சாம்பலில் வடித்த கார நீரில் நாள்கணக்கில் புளிக்க விடுவார்கள். காரம் குறைந்தால் நீலம் சரியாகக் கரையாது, துணியிலும் நிற்காது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சை. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். முக்குவது, உலர்த்துவது, மறுபடி முக்குவது. அதிக நேரம் ஊறவிட்டால் கூழ் இளகிவிடும். கடைசியில் காய்ந்த கூழைச் சுரண்டி எடுப்பார்கள். மெழுகைப் போலன்றி, கூழ் சாயத்தை முழுதும் தடுக்காது. அதனால்தான் கோடுகள் தூய வெள்ளையாக இல்லாமல் வெளிறிய நீலத்தில் நிற்கின்றன.

இந்த வித்தை தாயிடமிருந்து மகளுக்குப் போவது. 1951இல் நைஜீரியாவின் ஒகிடி என்ற ஊரில் பிறந்த நிகேக்குச் சிறு வயதிலேயே தாய் இறந்துவிட, நெசவும் சாயமும் தெரிந்த கொள்ளுப்பாட்டியிடம் கற்றார். பிறகு ஓஷோக்போ நகரில், புகழ்பெற்ற ஓவியர் ட்வின்ஸ் செவன் செவனின் பல மனைவியரில் ஒருவராக வாழ்ந்தார். 1974இல் அமெரிக்காவின் ஹேஸ்டாக் கைவினைப் பள்ளிக்குப் போனார். அந்த மணத்தை விட்டு வெளியேறிய பின் தன் வருமானத்தில் 1983இல் ஓஷோக்போவில் பயிற்சி மையம் தொடங்கினார்.

அங்கே பயிற்சி இலவசம். நான் பெண்ணியம் என்று எழுதியது இதைத்தான். குடும்பத்துக்குள் பொத்திவைத்திருந்த தொழிலை, பாட்டியோ தாயோ சாயக்காரியாக இல்லாத பெண்ணும் கற்றுச் சொந்தக் காசு பார்க்கலாம் என்றாக்கினார். பின்னாளில் இத்தாலியில் பாலியல் தொழிலில் சிக்கியிருந்த நைஜீரியப் பெண்களுக்கும் கைத்தொழில் சொல்லிக்கொடுத்தார். லாகோஸ் நகரின் லெக்கி பகுதியில் இருக்கும் அவருடைய பெரிய கலைக்கூடம் எல்லாருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

கேன்வாஸில் அவர் வரையும் உருவங்களின் உடையை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். பழைய அடிரேக் கட்டங்கள் நெருக்கமாக நிரம்பியிருக்கும். அடிரேயில் 'இபாதான்துன்' என்றொரு கோலம் உண்டு, 'இபாதான் இனிது' என்று பொருள். அந்நகரில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த மாப்போ மண்டபத்தின் தூண்களை அதில் வரிசையாக வரைவார்கள். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே ஒரு கரண்டி இருக்கும்.