அம்மாவின் கணக்கு

அன்புள்ள ஐயா,

கமுதிப் பக்கம் ஒரு கிராமம். சென்னையில் வேலை போய் எட்டு மாதமாக ஊரில் இருக்கிறேன். அம்மா ஏழு வெள்ளாடும் பதினைந்து நாட்டுக்கோழியும் வைத்திருந்தார். மழை இல்லை, மேய்ச்சல் காய்ந்துவிட்டது. போன வாரம் வெள்ளைக்கழிச்சல் வந்து நாலே நாளில் பதினாலு கோழி செத்துவிட்டது. தூக்கிக் கண்மாய்க்குள் போட்டுவிட்டு வந்தேன். மிச்சம் ஒரே ஒரு பெட்டை, அடையில் இருக்கிறது. ஆடுகளையாவது விற்றுவிடலாம் என்றால் அம்மா மறுக்கிறார். எக்செல்லில் வரவு செலவு போட்டுக் காட்டினேன். சுத்த நஷ்டம். அவருக்குக் கணக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு கடக்நாத் கருங்கோழிப் பண்ணை போடலாமா? இது பற்றிப் படிக்கப் புத்தகம் ஏதும் உண்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் ‘சிறுவாடு’ என்றால் என்ன என்று என் மகள் கேட்டாள். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து போய்விட்டேன். அதனால் இந்தப் பதில்.

கடக்நாத்தை விடுங்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணையை நம்பிப் பணத்தைக் கொட்டி ஏமாந்தவர்கள் கையிலும் அழகான கணக்குத்தாள் இருந்தது. புத்தகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குக் கணக்குப் புரியவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படித் தம்பி கை வந்தது? அந்த எக்செல்லில் அம்மாவின் கூலியைச் செலவில் எழுதியிருப்பீர்கள். அதை யாரிடம் கொடுத்தீர்கள்? நெல்லோ மிளகாயோ விற்ற பணம் அப்பா கைக்குப் போகும், அங்கிருந்து உரக்கடைக்கும் வட்டிக்கும் போகும். முட்டை விற்ற காசு அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். அதுதான் சிறுவாடு. அதை வீட்டில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடமும் கையேந்தாமல் ஆட்டோ பிடிக்கிற காசு அது. நீங்கள் படித்த செமஸ்டர்களில் எத்தனை கிடாய் போயிற்று என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். தேதியோடு சொல்வார்.

1983 கோடையில் எங்கள் வீட்டில் ஒரு பசுவும் அம்மாவின் ஐந்து வெள்ளாடும் இருந்தன. வைக்கோல் தீர்ந்ததும் அம்மா தொழுவத்துக் கூரையில் ஏறிப் பழைய வைக்கோலை உருவிப் போட்டாள். மூன்று வருடப் புகையும் எலிப்புழுக்கையும் ஏறிய கறுத்த வைக்கோல். பசு முதல்நாள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மறுநாள் தின்றது. ஆட்டுக்கு வேம்புக் குழையும் கருவேல நெத்தும். நெத்துப் பொறுக்க நானும் போவேன், காலில் முள் ஏறாத நாள் கிடையாது.

கூரையில் வானம் தெரிந்த அன்று அப்பா ஐந்து ஆட்டையும் சந்தைக்கு ஓட்டினார். அம்மாவிடம் கேட்கவில்லை. கயிறு பிடித்துக்கொண்டு போனவன் நான். சந்தையில் ஆளைவிட ஆடு அதிகம். எல்லார் வீட்டிலும் அன்றைக்குத்தான் வைக்கோல் தீர்ந்திருந்தது. யாவாரி துண்டுக்கடியில் அப்பா விரலைப் பிடித்து என்ன விலை சொன்னாரோ, அப்பா கையை உதறினார். பிறகு அவரே தேடிப்போய் அதையும்விடக் குறைத்துக் கொடுத்தார். மழை பெய்த பிறகு ஒரே ஒரு பெட்டைக்குட்டிக்கு, அந்த ஐந்தும் போன விலையைக் கேட்டார்கள். அம்மா அப்புறம் ஆடு வளர்க்கவே இல்லை. கோயில் உண்டியலில் போட ஒரு ரூபாய் வேண்டுமென்றாலும் அப்பாவைக் கேட்டாள்.

ஆகவே விற்கிறதானால் கிடாய்களை இப்போதே விற்றுவிடுங்கள், ஊரே சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்னால். ஈனக்கூடிய பெட்டைகளில் கை வைக்காதீர்கள். பணத்தை அம்மா கையில் கொடுங்கள்.

செத்த கோழிகளைக் கண்மாய்க்குள் போட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அது கிருமியால் வருகிற நோய். நாய் ஒரு காலைக் கவ்விக்கொண்டு போய் அடுத்த தெருவில் போட்டால் போதும், இன்னொரு வீட்டு அஞ்சறைப் பெட்டி காலி. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிறதுக்குப் பட்டம் வேண்டுமா?

தடுப்பூசி போடவில்லையா என்றால், ‘ஆஸ்பத்திரியில் போட மாட்டேன்கிறார்கள்’ என்பீர்கள். ஏன் என்று யோசித்தீர்களா? ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்குக்கூட வரும். கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் குப்பைக்குத்தான். பதினைந்து கோழிக்காக யார் அதை உடைப்பார்? பிப்ரவரியில் அரசு முகாம் போடுகிறார்கள். பத்து மணிக்கு டாக்டர் வரும்போது கோழி முழுக்கக் காட்டுக்குள் நிற்கும். விடிந்த பிறகு நாட்டுக்கோழியைப் பிடித்தவன் உண்டா? பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முன்னால் பிடித்து வைக்க வேண்டும்.

அந்த எக்செல்லைத் திறந்து பழையதை அழியுங்கள். தெருவில் வீட்டுக்கு எத்தனை கோழி என்று எழுதுங்கள். நூறு தேறியதும் பட்டியலோடு கால்நடை மருந்தகத்துக்குப் போய் நாள் கேளுங்கள்.

அடையில் இருக்கிற பெட்டைக்கு எத்தனை முட்டை வைத்தார், எந்தக் கிழமை வைத்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும். அதிலிருந்து ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. பழைய கூட்டுக்குள் குஞ்சுகளை விடாதீர்கள். முதலில் அதைக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள்.