வலி மாத்திரையைக் குறைக்கும் நாட்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகு வலிக்காக ஆறு ஆண்டுகளாக டிராமடால் எடுத்து வந்தேன். மருத்துவரின் யோசனைப்படி மூன்று மாதங்களாகக் குறைத்து வருகிறேன். குறைக்கும்போதெல்லாம் வலி கூடுகிறது. இரவில் கால்களை அசைக்காமல் படுக்க முடியவில்லை. காரணமின்றி அழுகை வருகிறது. ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். டிராமடால், அபினைப் போலச் செயல்பட்டு வலியைக் குறைக்கும் ஓபியாய்டு வகை மருந்தாக இருப்பதோடு, மூளையில் நரம்புச் செய்திகளைக் கடத்தும் செரட்டோனின், நார்அட்ரீனலின் என்ற வேதிப்பொருட்களின் அளவையும் மாற்றுவதால், திடீரென விடுபவர்களுக்கு வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுடன் கடும் பதற்றமும் மனக்குழப்பமும்கூட வரக்கூடும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் எடுத்த வலி மாத்திரையை நானும் இப்படித்தான் விட்டேன். பின்னிரவில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போலிருக்க, உள்ளங்கால்களைச் சுவரில் அழுத்தியபடி படுத்திருப்பேன். தூக்கம் வராது, கொட்டாவி மட்டும் ஓயாமல் வரும். மருந்து இத்தனை காலம் அடக்கி வைத்திருந்த நரம்பு மண்டலம், அந்தப் பிடி தளர்ந்ததும் அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழுவதே இதற்குக் காரணம். இது உங்கள் மன உறுதியின் குறையன்று; நீங்கள் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டீர்கள் என்பதும் இதற்குப் பொருளன்று.

குறைத்தவுடன் கூடும் வலி பழைய நோய் முற்றியதன் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. மருந்து விலகும்போது வலி உணர்வே சில காலம் கூர்மையாகிவிடுகிறது. எனவே குறைத்த நாளையும், அதன்பின் வலி ஏறி இறங்குவதையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சில வாரங்களில் அது தணிந்தால் காரணம் உங்களுக்கே விளங்கும். தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்ட அந்தப் பக்கங்கள் இருக்கும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டி, ஓராண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதே தாங்கக்கூடியதாக இருக்கும் என்கிறது. உங்கள் வேகம் இதைவிட அதிகமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இப்போதைய அளவையே மேலும் குறைக்காமல் சில வாரங்கள் தொடரலாமா, குறைக்கும்போது வரும் தொல்லைகளைத் தணிக்கும் குளோனிடின் போன்ற துணை மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் கேட்கலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக இருந்தால் நீங்களாக உடைத்தோ பொடித்தோ எடுக்காதீர்கள். மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும்.

தாங்க முடியாத ஓர் இரவில் பழைய அளவுக்குத் திரும்பத் தோன்றும். உடலின் தாங்குதிறன் இதற்குள் குறைந்திருக்கும் என்பதால் அது மூச்சையே ஒடுக்கிவிடலாம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

அழுகையைப் பற்றி ஒற்றை வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், வீட்டில் ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.