வரைந்து தேடினால் உதிரிபாகம் கிடைக்குமா?

கேள்வி: காசிமேட்டில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். அவசரமாக வருபவர்கள் பழுதான பாகத்தைக் கொண்டுவருவதில்லை. பெயரும் தெரியாமல் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். பேனா உள்ள டேப்லெட் வாங்கி, அதில் வரைந்தே இணையத்தில் தேடலாமா?
- ராயபுரம் வாசகர்

பதில்: தேடலாம். ஆனால் கோட்டுப்படம் வடிவத்தை மட்டுமே சொல்லும். அளவையும், பாகம் எதனால் ஆனது என்பதையும் சொல்லாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வரைய வேண்டும்.

பேனாவால் திரையில் வரைவது 1963-இல் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற கணினி நிரலின் காலத்திலேயே சாத்தியமாகிவிட்டது. வரைந்ததைக் கணினிக்குப் புரியவைப்பதுதான் இன்றும் கடினம். 2012-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாதாரண மக்கள் வரைந்த 250 வகைப் பொருள்களின் 20,000 படங்களைத் திரட்டி, மனிதர்களிடமே காட்டிப் பார்த்தார்கள். சரியாக அடையாளம் காணப்பட்டவை ஏறத்தாழ 73 விழுக்காடுதான்.

படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ் போன்ற செயலிகளில் கோட்டுப்படத்தைக் கொடுத்தால், பெரும்பாலும் அதைப் போன்ற கோட்டுப்படங்களையே முன்னால் காட்டும். மற்றவர்களுக்கு இது தொல்லை. உங்களுக்கோ இதுவே வசதி. எஞ்சின் நிறுவனங்களின் உதிரிபாகப் பட்டியல்களில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படங்கள் பெரும்பாலும் கோட்டுப்படங்கள்தாம்; அவற்றிலேயே பாக எண்ணும் இருக்கும்.

தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரை, அதாவது சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தை, எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் வரைந்தால் அது வெறும் கட்டமாகத் தெரியும். ஆகவே நேர்முகமாக வரையுங்கள். இறக்கைகள் எத்தனை, அவை நேராக நிற்கின்றனவா வளைந்திருக்கின்றனவா, நடுத்துளை வட்டமா, ஒரு பக்கம் தட்டையா, உள்ளே பற்கள் உண்டா என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, ஒவ்வொன்றையும் தெளிவாகக் காட்டுங்கள். வெள்ளைப் பின்னணியில் தடித்த கறுப்புக் கோடு போதும். நிழல் தீட்ட வேண்டாம், கோடுகள் இடையில் அறுபடவும் வேண்டாம். அந்தப் படத்தோடு எஞ்சினின் பெயர், மாடல், 'வாட்டர் பம்ப் இம்பெல்லர்' என்ற சொற்களையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். படமும் சொல்லும் சேரும்போதுதான் முடிவுகள் குறுகி வரும்.

இருந்தாலும், படகில் ஆள் இருந்தால் பாகத்தைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதே முதல் வழி என்பேன். 2024 ஜனவரியில் அறிமுகமான 'சர்க்கிள் டு சர்ச்' வசதி உள்ள கருவியானால், வந்த படத்தில் வேண்டிய பாகத்தை மட்டும் வட்டமிட்டுத் தேடிவிடலாம். டேப்லெட் வாங்குமுன் அந்த மாடலில் இது உண்டா என்று கேளுங்கள். உள்ளங்கை பட்டால் கோடு விழாத வசதியும் இருக்கட்டும், ஏனெனில் கடை வேலைக்கு நடுவில் கையைத் தூக்கிப் பிடித்து வரைய முடியாது. அதுவரை இருக்கும் போனிலேயே விரலால் வரைந்து பாருங்கள். வெளிக்கோட்டுக்கு அது போதும், உட்பற்கள் போன்ற நுணுக்கத்துக்குத்தான் பேனா தேவைப்படும்.

தேடலில் ஒத்த படம் வந்துவிட்டது என்பதற்காக உடனே ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். அச்சு அசலாக ஒன்றுபோல் தோன்றும் இரண்டு இம்பெல்லர்கள் அகலத்தில் சில மில்லிமீட்டர் வேறுபட்டாலே ஒன்று பொருந்தாமல் போகும். எஞ்சின் தகட்டிலுள்ள எண்ணை வாங்கிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பழைய பாகம் கைக்கு வந்தால் வெளிவிட்டம், உள்விட்டம், அகலம் மூன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து, பாக எண்ணோடு அந்தப் படத்தின் கீழேயே எழுதிச் சேமித்து வையுங்கள். அடுத்த முறை அதே படத்தை இன்னொருவர் போட்டுக் காட்டும்போது, இணையத்துக்குப் போகாமல் உங்கள் டேப்லெட்டிலேயே தேடி எடுத்துவிடலாம்.