வீட்டில் என்ன மொழி?

கேள்வி: இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வகுப்பு உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ரோமா (ஐரோப்பாவில் பல நாடுகளில் வாழும் சிறுபான்மைச் சமூகம்) குடும்பத்துச் சிறுமி, ஆறு வயது, மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை. ஸ்லோவாக் மொழிபெயர்ப்பாளர் வந்தும் பயனில்லை. அம்மாவும் கூட்டத்துக்கு வருவதில்லை. சிறப்புக் கல்விக்கான பரிசோதனைக்கு அனுப்பலாம் என்கிறார்கள். வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொல்லலாமா?
- ஒரு வாசகி, ஷெஃபீல்ட்

பதில்: பரிசோதனையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. அந்தக் குழந்தை வீட்டில் என்ன மொழி பேசுகிறாள் என்று யாராவது கேட்டார்களா? ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்ததால் ஸ்லோவாக் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கிழக்கு ஸ்லோவாக்கியாவில் பல ரோமா வீடுகளில் பேச்சு ரோமானிதான். ஸ்லோவாக் அவளுக்கு இரண்டாவது மொழியாக இருக்கலாம், ஆங்கிலம் மூன்றாவது.

வட இங்கிலாந்துப் பள்ளி ஒன்றில் ஒன்பது வருடம் நானும் இதே வேலை பார்த்தவள். இதே தவறைச் செய்திருக்கிறேன். ஒரு நாள் கை கழுவும் இடத்தில் ஒரு பையன் குழாயைக் காட்டித் தம்பியிடம் "பானி" என்றான். என் அரைகுறை இந்திக்கே புரிந்துவிட்டது, தண்ணீர்! ரோமானி வட இந்திய மொழிகளின் உறவு, காதுக்கும் 'கான்'தான். நான் "பானி?" என்று திருப்பிக் கேட்டதும் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தான். அடுத்த வாரம் இருவரும் யேக், துய், த்ரின் என்று எண்ணிக்கொண்டே படியிறங்கினோம்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து நாடான செக் குடியரசின் ஓஸ்த்ராவா நகரில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பள்ளிகளில் ரோமா பிள்ளைகளைச் சேர்த்துவிடும் வழக்கம் இருந்தது. 18 பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். 2007 நவம்பர் 13 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுத்தானே சேர்த்தோம் என்ற அரசின் வாதமும் எடுபடவில்லை. என்னவென்று முழுதாகப் புரிந்து போட்ட கையெழுத்தா அது? ஸ்லோவாக்கியாவிலும் இதே குறை உண்டு. அந்த அம்மாவுக்குப் பள்ளி என்றாலே என்ன நினைவு வரும், யோசித்துப் பாருங்கள். முதல் சந்திப்பில் எந்தப் படிவத்தையும் நீட்டாதீர்கள். வீட்டு மொழியைக் கேட்டால்கூட "ஸ்லோவாக்" என்றுதான் சொல்லக்கூடும். ரோமானி பேசியதற்கே திட்டு வாங்கி வளர்ந்தவராக இருக்கலாம்.

கடிதம் வேண்டாம், மாலையில் வாசலில் நின்று பேசுங்கள். அவளுடைய அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெரியவர்கள் விஷயத்தைப் பிள்ளை தலையில் ஏற்றுவது நியாயமில்லை. ரோமானி பேசும் ஒருவரை, அந்தச் சமூகத்திலிருந்தே, சம்பளம் கொடுத்து வேலைக்கு வைக்கும்படி தலைமையாசிரியரிடம் விடாமல் கேளுங்கள். ஒரே ரோமானி கிடையாது, வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். அதனால் எந்த ஊர்ப் பேச்சு என்று அந்தக் குடும்பத்திடமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்பது வேண்டவே வேண்டாம். அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் அவர் எப்படிக் கதை சொல்வார், கொஞ்சுவார்? புது மொழிக்குள் வந்த குழந்தை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது சகஜம். அதற்குள் அம்மா தன் மொழியில் சொல்லும் ஒரு கதையைப் போனில் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லாரும் கேட்கும்படி போடுங்கள், அவள் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.