வாசகர் கேள்விகள்: அமெரிக்கச் சுதந்திரம், ஐரோப்பியச் சுதந்திரம்

ஐரோப்பாவில் பேச்சுரிமை பின்வாங்குகிறது என்று 2025 பிப்ரவரியில் மியூனிக் மாநாட்டில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் பேசினாரே, உண்மையிலேயே அங்கே வாயைத் திறக்க முடியாதா?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

தாராளமாகத் திறக்கலாம். அரசாங்கத்தைத் திட்டி ஊர்வலம் போவதெல்லாம் பெர்லினில் சர்வசாதாரணம். ஆனால், ஹிட்லர் காலத்தில் யூதர்கள் கொல்லப்படவே இல்லை என்று மேடையேறிப் பேசினால் ஜெர்மனியில் வழக்குப் பாயும். நாஜிக் கொடியைத் தூக்கிக்கொண்டு போனாலும் அப்படித்தான். அமெரிக்காவில் இரண்டுமே குற்றமில்லை.

1977இல் சிகாகோவை ஒட்டிய ஸ்கோக்கி என்ற ஊரில் நாஜிச் சீருடையோடு கூட்டம் போட ஒரு சிறு கும்பல் கிளம்பியது. வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த ஊர் அது. ஊர் நிர்வாகம் தடுத்தது. கும்பலின் பேச்சுரிமைக்காக ஏ.சி.எல்.யூ. என்ற உரிமை அமைப்பு நீதிமன்றம் போனது. வாதாடிய டேவிட் கோல்ட்பெர்கரே ஒரு யூதர்! இவர்கள் வாயை அடைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தால், நாளைக்குக் கறுப்பின மக்களின் ஊர்வலத்தையும் அதே அதிகாரத்தை வைத்துத் தடுப்பார்கள் என்பது அந்தத் தரப்பின் நியாயம். வழக்கில் ஜெயித்தார்கள். அமைப்பிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். அந்த வழக்கறிஞர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனாலும் இதில் நான் ஜெர்மனி பக்கம். பெர்லினில் என் மகள் குடியிருக்கும் தெருவில், வாசல்களுக்கு முன்னால் நடைபாதையிலேயே உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். "இங்கே வாழ்ந்தவர்" என்று தொடங்கும். அப்புறம் பெயர், பிறந்த ஆண்டு, பிடித்துக்கொண்டு போன தேதி, கொல்லப்பட்ட இடம். ஒரு வாசலில் அப்பா, அம்மா, குழந்தை என்று மூன்று தகடுகள். குழந்தைக்கு நான்கு வயது. அதைக் குனிந்து படித்த எனக்கு, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லவும் உரிமை வேண்டும் என்று வாதாட மனம் வரவில்லை.

அதற்காக ஜெர்மனி செய்வதெல்லாம் சரியாகிவிடாது. 2021இல் ஹாம்பர்க் மாநில உள்துறை அமைச்சரை ஒருவர் ட்விட்டரில் ஒரு கொச்சை வார்த்தையால் திட்டினார். அதற்குக் காலை ஆறு மணிக்கு வீட்டில் போலீஸ் சோதனை! அது தவறு என்று பிறகு நீதிமன்றமே சொன்னது. மந்திரியைத் திட்டினால் வீட்டுக்குப் போலீஸ் வருவது அநியாயம். அமெரிக்காவில் இது நடக்காது.

ஆனால் வான்ஸ் பேசிய அடுத்த மாதமே அங்கே என்ன நடந்தது? காஸா விஷயத்தில் தன் பல்கலைக்கழகத்தைக் கண்டித்து மூன்று பேரோடு சேர்ந்து மாணவர் பத்திரிகையில் எழுதியிருந்த துருக்கி மாணவி ஒருவரை, மாசசூசெட்ஸில் நடுத்தெருவில் முகத்தை மூடிய அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆறு வாரம் காவல். மியூனிக்கில் சொன்ன புத்திமதியை வாஷிங்டனிலும் சொல்லியிருக்க வேண்டும்.

இராக் போர் சமயத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் கேன்டீனில் ஃபிரெஞ்ச் ஃபிரைஸின் பெயரையே மாற்றினார்களாமே?
(வங்கி ஊழியர், மதுரை)

ஆமாம், 2003 மார்ச்சில். பிரான்ஸ் மேல் இருந்த கோபத்தில் 'ஃப்ரீடம் ஃபிரைஸ்' ஆக்கினார்கள். 2006இல் பழைய பெயரே திரும்பிவிட்டது. ஐரோப்பா முழுவதும் போரை எதிர்த்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்ஸும் ஜெர்மனியும் எதிர்த்தன. பிரிட்டன், ஸ்பெயின், போலந்து அரசுகள் புஷ்ஷோடு நின்றன. லண்டனிலும் மாட்ரிட்டிலும் லட்சக்கணக்கில் மக்கள் தெருவில் இறங்கியும் அந்த அரசுகள் காது கொடுக்கவில்லை.

எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தந்தால் சுதந்திரம் போய்விடும் என்று அமெரிக்காவில் ஏன் சொல்கிறார்கள்?
(செவிலியர், வேலூர்)

எல்லோரும் சொல்வதில்லை. வறுமையிலிருந்து விடுபடுவதும் சுதந்திரம்தான் என்று 1941இல் சொன்னவர் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். ஐரோப்பாவில் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். பிரிட்டன் 1948இல் தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கியது. அமெரிக்காவிலோ மருத்துவர் சங்கமே முன்னால் நின்று எதிர்த்தது: இன்று மருத்துவமனைக்குள் வரும் அரசு, நாளை எல்லாவற்றுக்குள்ளும் வரும் என்றது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டும் 1965இல் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வந்தது. மற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இன்றும் வேலை கொடுப்பவர் மூலம்தான் காப்பீடு. பிடிக்காத வேலையை உதற நினைப்பவர், சர்க்கரை நோயுள்ள பிள்ளையின் இன்சுலின் செலவை நினைத்து அங்கேயே கிடக்கிறார். இதையும் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு, ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று காரணம் காட்டிக் காப்பீட்டை மறுக்க முடியாது. பிரீமியம் கட்டுவதற்கு மட்டும் இன்னும் விழி பிதுங்குகிறது.