சாலைக்குப் போன நிலம்: 27 வருடம் கழித்தும் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: 1998-இல் எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தியபோது அப்பாவின் புஞ்சையில் சுமார் 14 சென்ட் ரோட்டுக்குள் போய்விட்டது. ‘பணம் வரும்’ என்று சொன்னார்களாம்; வரவில்லை. அப்பா இறந்துவிட்டார். பட்டாவில் இன்றைக்கும் முழு விஸ்தீரணம் இருக்கிறது, கிஸ்தியும் முழுசுக்கும் கட்டுகிறோம். அலுவலகத்தில் போய்க் கேட்டால், ‘சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமையே இல்லை, காலமும் கடந்துவிட்டது’ என்கிறார்கள். நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாமா? (வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்)

அலுவலகத்தில் சொன்னதில் முதல் பாதி உண்மை. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு தப்பு.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950-இல் சொத்துரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகத்தான் இருந்தது. அடுத்த முப்பது வருடம் நாடாளுமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நடந்த பெரிய சண்டைகள் பலவும் நிலத்தையும் சொத்தையும் சுற்றித்தான். அதில் நம் பக்கத்து வழக்கும் ஒன்று உண்டு: வஜ்ரவேலு முதலியார் வழக்கு. வீட்டுவசதிக்காக எடுக்கும் நிலத்துக்குக் குறைந்த கணக்கில் இழப்பீடு கொடுக்க வழிசெய்த 1961-ஆம் ஆண்டுச் சென்னை மாநிலத் திருத்தச் சட்டம் செல்லாது என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1967-இல் பஞ்சாபின் கோலக்நாத் குடும்பம். 1970-இல் 14 வங்கிகளை அரசுடைமையாக்கியதை எதிர்த்த கூப்பர். 1973-இல் கேசவானந்த பாரதி. காசர்கோடு எடநீர் மடாதிபதியான கேசவானந்தர் கோர்ட்டுக்குப் போனதே கேரள நிலச் சீர்திருத்தச் சட்டங்களிலிருந்து மடத்து நிலத்தைக் காப்பாற்றத்தான். 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் குலைக்கக் கூடாது என்று வந்தது. ஆனால் அந்த ஏழில் தராசைச் சாய்த்த நீதிபதி எச்.ஆர். கன்னா, சொத்துரிமை அந்தக் கட்டமைப்பில் சேராது என்றும் எழுதிவிட்டார். 1978-இல் 44-வது திருத்தம் வந்து, 1979 ஜூன் 20 முதல் சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலை விட்டே போனது.

போனாலும் ஒழிந்துபோகவில்லை. அதே திருத்தம் 300ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் சாரம். உங்களுக்கு இதனால் மாறுவது வாசல் மட்டும். 32-வது பிரிவின்படி நேரே டெல்லிக்குப் போவது அடிப்படை உரிமைகளுக்குத்தான். உங்கள் வழக்கு 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு, அதாவது மதுரைக் கிளைக்குப் போக வேண்டியது. செலவும் அலைச்சலும் குறைவு என்பதால் இதை நான் குறையாகவே நினைப்பதில்லை.

இனி காலம் கடந்த விஷயம். இமாச்சலப் பிரதேசத்தின் ஹமீர்பூர் மாவட்டத்தில் வித்யா தேவி என்ற பெண்மணியின் 3.34 ஹெக்டேர் நிலத்தை 1967-68-இல் சாலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நோட்டீஸ் இல்லை, அவார்டு (இழப்பீடு இவ்வளவு என்று நிர்ணயிக்கும் உத்தரவு) இல்லை, காசும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர், கணவரை இழந்தவர். அதே சாலைக்கு நிலம் இழந்த வேறு சிலர் கோர்ட்டுக்குப் போய் இழப்பீட்டுக்கு வழி கிடைத்தது தெரிந்தபிறகு 2010-இல் இவரும் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசுக்கு உத்தரவிடக் கோரும் மனு) போட்டார். அரசு என்ன வாதாடியது தெரியுமா? நாற்பது வருடத்துக்கு மேல் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது, அனுபவ பாத்தியதையால் நிலம் எங்களுக்கே சொந்தம் என்றது! உயர் நீதிமன்றமும் சிவில் வழக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மக்கள்நல அரசு தன் குடிமகளின் நிலத்துக்கே அனுபவ பாத்தியதை கொண்டாட முடியாது. நிலம் போன இழப்பு இன்றும் தொடர்கிற இழப்பு, ஆகவே தாமதம் என்று சொல்லி விரட்ட முடியாது. அக்கம்பக்கத்தாருக்குக் கிடைத்த அதே கணக்கில், ஆறுதல் தொகையும் (கட்டாயமாக எடுப்பதற்காக விலைக்கு மேல் கொடுப்பது) வட்டியும் சேர்த்து அவருக்கும் கொடுக்கச் சொன்னது. 2022-இல் சுக் தத் ரத்ரா வழக்கிலும் இதே வழிதான். அதே மாநிலம், 1972-73-இல் போட்ட சாலை. நிலக்காரர்கள் வாய்மொழியாகச் சம்மதித்தார்கள் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு ஜெயித்தாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2011-இல் சையது மக்பூல் அலி வழக்கில் உச்ச நீதிமன்றமே ஓர் எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறது. ஊருக்கு ரோடு வரட்டும் என்று மக்கள் தாமாகவே நிலத்தை விட்டுக்கொடுப்பது உண்டு. விலை ஏறியபிறகு, ‘எங்களைக் கேட்காமல் எடுத்தார்கள்’ என்று வருகிறவர்களும் உண்டு. ஆகவே பல பத்தாண்டு கழித்து வரும் மனுக்களை உயர் நீதிமன்றங்கள் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும் என்றது. கிராமத்தை அறிந்தவர்கள் இதை மறுக்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவதும் இந்தத் தீர்ப்பைத்தான். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: அப்பா விட்டுக்கொடுத்தாரா, அல்லது எடுத்துக்கொண்டார்களா?

அதற்குப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். புலப்படத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம்) ‘அ’ பதிவேட்டையும் (சர்வே எண்வாரியாக நில விவரம் உள்ள வருவாய்ப் பதிவேடு) வாங்கி, உங்கள் சர்வே எண்ணில் ரோட்டுப் பகுதி தனி உட்பிரிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணமாக 112/3 என்பது 3ஏ, 3பி என்று பிரிந்து, 3பி-க்கு நேரே ‘சாலை, புறம்போக்கு’ என்று இருந்தால், எந்த ஆணையின் பேரில் பிரித்தார்கள் என்று கேட்க வேண்டும். பிரியாமல் பழையபடி முழு எண்ணும் அப்பா பெயரிலேயே இருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம். நிலத்தை வாங்கிக்கொண்ட அரசு, அதே நிலத்துக்கு வருடா வருடம் உங்களிடம் எதற்குக் கிஸ்தி வாங்குகிறது? பழைய ரசீதுகள் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் தேடி எடுங்கள். 1998-க்குப் பிந்தைய ஒவ்வொன்றும் சாட்சி. சர்வேயரை வைத்து அளந்து, ரோட்டுக்குள் போனது உண்மையில் எவ்வளவு என்றும் எழுத்தில் வாங்குங்கள். 14 சென்ட் என்று வீட்டில் பேசிக்கொள்வது அளவையில் 11 ஆகவும் இருக்கலாம். அதில் பாதி ஆதியிலிருந்தே வண்டிப்பாதையாகவும் இருந்திருக்கலாம்.

அடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. சாலையைப் பராமரிக்கும் துறைக்கும் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். 1998 என்றால் 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டக் காலம். நிலம் எடுக்கப்போகிறோம் என்று அரசு முதலில் வெளியிடும் 4(1) அறிவிக்கை வந்ததா, அவார்டு போடப்பட்டதா, நாள் என்ன, தொகை யார் பெயரில் எங்கே கட்டப்பட்டது, அப்பா எழுதிக்கொடுத்த ஒப்புதல் கடிதமோ தானப் பத்திரமோ உண்டா, அதே சாலையில் பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு இழப்பீடு கொடுத்தார்களா என்று கேளுங்கள். ‘ஏன் கொடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள், பதில் வராது. 30 நாளில், ‘ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை’ என்று கடிதம் வந்தால் சோர்ந்துபோக வேண்டாம். சட்டத்தின் அதிகாரத்தோடு எடுத்தோம் என்று காட்ட அரசிடம் ஒன்றும் இல்லை என்று அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அது.

மாறாக அவார்டு போட்டு, பணம் கோர்ட்டிலோ கருவூலத்திலோ கட்டப்பட்டது என்று பதில் வந்தால் கதை வேறு. அந்தப் பணத்தை வட்டியோடு வாங்க மனு போடலாம்; கூடுதல் கேட்கும் கெடு எப்போதோ முடிந்திருக்கும். 1894 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013 நிலமெடுப்புச் சட்டத்தைக் காட்டிப் பழைய நிலமெடுப்பையே காலாவதி என்று வாதாடும் வழியையும், முடிந்துபோன விவகாரங்களைப் பொறுத்தவரை, 2020-இல் இந்தூர் மேம்பாட்டு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அடைத்துவிட்டார்கள்.

காகிதம் கையில் வந்ததும் மாவட்ட ஆட்சியருக்கும் துறைக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) மனு. பதில் இல்லையென்றால் ரிட். இங்கே வக்கீலிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ‘என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்’ என்று மட்டும் கேட்டால், சீக்கிரமே உத்தரவு கிடைக்கும். அதிகாரியும் பரிசீலிப்பார், நிராகரிப்பார். ஒரு வருடம் போய், புறப்பட்ட இடத்திலேயே நிற்பீர்கள். முறைப்படி நிலமெடுத்து இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற பரிகாரத்தையே கேளுங்கள். 2024-இல் பிமல் குமார் ஷா வழக்கில் 300ஏ-வுக்குள் அடங்கும் ஏழு உரிமைகளை உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்தியிருக்கிறது. நோட்டீஸ் பெறுவது, ஆட்சேபணை சொல்வது, நியாயமான இழப்பீடு, காலத்தோடு முடிப்பது எல்லாம் அதில் உண்டு. 1998-இல் உங்கள் அப்பாவுக்கு இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை மனுவில் வரிசையாகக் காட்டலாம்.

எந்தத் தேதியின் விலை என்பதில் இழுபறி இருக்கும். நிலம் எடுத்த நாள் விலை என்று அரசு சொல்லும், இன்றைய சட்டப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். 2025 ஜனவரியில் பெங்களூரு-மைசூரு சாலைத் திட்ட வழக்கில், தாமதம் அரசுடையது என்பதால் 2019-ஆம் ஆண்டு மதிப்பில் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் அது உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தில் செய்தது. உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும், கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகள் உட்பட, மனுதாரர்களாக இருக்கட்டும். விட்டுப்போன ஒருவர் பின்னால் வந்து நின்றால் பணம் கோர்ட்டிலேயே கிடக்கும். அம்மா இருந்தால் அவரை முதல் மனுதாரராகப் போடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். வழக்கு முடியும்வரை, ‘அளவு சரிசெய்ய’ என்று யார் எந்தத் தாளை நீட்டினாலும், அதில் ‘ஆட்சேபணை இல்லை’ என்ற வரி இருக்கிறதா என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.