டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாமா, இன்னொரு வருடம் படிக்கலாமா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல், படிப்பை முடிக்காமல் என்பிஏ என்ற தொழில்முறை லீக்குக்குப் போகிறவர்களைப் பற்றியவை. அந்த லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட். அவற்றுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

ஒரே ஒரு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு என்பிஏவுக்குப் போய்விடுகிறார்களே, அது என்ன கணக்கு? படிக்கவே மனமில்லை என்றால் பள்ளியிலிருந்து நேரடியாகப் போகலாமே?
– பெரியகுளம் வாசகர்

ஒரு காலத்தில் அப்படியும் போனார்கள். கெவின் கார்னெட் 1995-ல், கோபி பிரையன்ட் 1996-ல், லெப்ரான் ஜேம்ஸ் 2003-ல் பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள். 2005-ல் என்பிஏவும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்தக் கதவை மூடியது. 2006 டிராஃப்டிலிருந்து இரண்டு நிபந்தனைகள். டிராஃப்ட் நடக்கும் ஆண்டு முடிவதற்குள் 19 வயது ஆக வேண்டும். அமெரிக்காவில் படித்தவர் என்றால், பள்ளி முடித்து ஒரு என்பிஏ சீசனாவது கடந்திருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நடுவில் ஒரு வருடத்தை எங்கேயாவது கழிக்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலோர் அதைக் கல்லூரியில் கழிக்கிறார்கள்.

பலர் கவனிக்காதது ஒன்று: டிராஃப்ட் அன்று 19 ஆகியிருக்கத் தேவையில்லை, அந்த ஆண்டுக்குள் ஆனால் போதும். 2025-ல் ட்யூக் பல்கலைக்கழகத்திலிருந்து முதல் ஆளாக டல்லாஸ் அணி எடுத்த கூப்பர் ஃப்ளாக்குக்கு அன்று 18 வயதுதான். பிறந்த நாள் டிசம்பரில்.

1971-க்கு முன்பு நிலைமை இன்னும் கடுமை. பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகாதவரை என்பிஏ தொடவே தொடாது. மிசிசிப்பியில் பருத்தி பறித்துப் பத்துப் பிள்ளைகளை வளர்த்த தாயின் மகன் ஸ்பென்சர் ஹேவுட் அதை எதிர்த்து வழக்காடினார். 1971 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர் பக்கம் நின்றது. உடனே, குடும்ப வறுமையை நிரூபிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்று என்பிஏ ஒரு விதி போட்டது. 1976-ல் அதுவும் போய், விரும்புகிறவர் பெயர் கொடுக்கலாம் என்றானது. இன்று கோடிகளில் கையெழுத்திடும் 19 வயதுப் பையன்கள் ஒவ்வொருவரும் ஹேவுட்டுக்குக் கடன்பட்டவர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெயர் கொடுத்துவிட்டால் முடிந்ததா? மனம் மாறினால் கல்லூரிக்குத் திரும்ப முடியாதா?
– கோவை வாசகர்

முடியும். ஆனால் தேதி தவறக் கூடாது. 2025 ஆண்டின் நாள்காட்டியை வைத்தே சொல்கிறோம். அந்த ஆண்டு டிராஃப்ட் ஜூன் 25, 26.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் டிராஃப்டுக்கு 60 நாள் முன்பு, அதாவது ஏப்ரல் 26. கடிதம் என்பிஏ அலுவலகத்துக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். சமூக வலைத்தளத்தில் "பெயர் கொடுக்கிறேன்" என்று படம் போடுவது கணக்கில் வராது. அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. என்பிஏ அணி நிர்வாகிகளைக் கொண்ட ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்க வேண்டும். முதல் சுற்றிலா, இரண்டாம் சுற்றிலா, எதிலும் இல்லையா என்று அவர்கள் நினைப்பதைச் சொல்வார்கள். செலவில்லை. பயிற்சியாளர், உறவினர், நண்பர் சொல்வதையெல்லாம்விட இந்தப் பதிலுக்கு மதிப்பு அதிகம். பையனை ஊக்கப்படுத்த வேண்டிய கடமை குழுவுக்கு இல்லையே.

மே மாதம் சிகாகோவில் கம்பைன் என்ற சோதனை முகாம். அழைப்பு வந்தவர்கள் மட்டுமே போகலாம். ஷூ இல்லாமல் உயரம், விரித்த கைகளின் நீளம், நின்றபடி கை எட்டும் உயரம், எகிறும் உயரம், முக்கால் மைதான ஓட்டம், பக்கவாட்டு வேகம் எல்லாம் அளக்கிறார்கள். கல்லூரிப் புத்தகத்தில் ஆறடி ஏழு அங்குலம் என்று இருப்பவர் இங்கே இரண்டு அங்குலம் குறைந்து போவது சாதாரணம். இவற்றை எல்லாம்விட மருத்துவப் பரிசோதனைதான் பலரின் இடத்தைக் கீழே தள்ளுகிறது. மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் தன் வயதுக்காரர்களில் மிகச் சிறந்தவர்களில் ஒருவராக மிசூரி கல்லூரிக்கு வந்தார். முதுகில் அறுவை சிகிச்சை, அந்த சீசனில் மூன்றே ஆட்டம். 2018-ல் 14-வது இடம் வரை இறங்கினார்.

கம்பைன் முடிந்து 10 நாளில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் கெடு. 2025-ல் மே 28. கல்லூரியில் தொடர்ந்து ஆட நினைப்பவர் அதற்குள் பெயரை விலக்கிக்கொள்ள வேண்டும். குழப்பம் இங்கேதான். என்பிஏவுக்கு என்று தனியாக இன்னொரு கெடு இருக்கிறது, டிராஃப்டுக்கு 10 நாள் முன்பு. 2025-ல் ஜூன் 15. இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்து ஜூனில் விலகுபவர் டிராஃப்டிலிருந்து வெளியே வந்துவிடுவார், ஆனால் கல்லூரி அணியில் ஆடும் தகுதியை இழந்திருப்பார். வெளிநாட்டில் வளர்ந்து அங்கேயே ஆடும் இளைஞர்களுக்குத்தான் இந்த இரண்டாவது கெடு பயன்படும்.

விலகி வருவதில் வெட்கப்பட எதுவுமில்லை. கனடாக்காரரான ஸாக் ஈடி 2023-ல் பெயர் கொடுத்து, விலகி, பர்டூ பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். மறு ஆண்டு மெம்ஃபிஸ் அவரை 9-வது ஆளாக எடுத்தது.

முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்கிறார்கள். எப்படியும் என்பிஏதானே, என்ன பெரிய வித்தியாசம்?
– திருநெல்வேலி வாசகர்

முன்கூட்டியே போவது சரியா தவறா என்பதற்கு எங்கள் விடை முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

30 அணிகள், இரண்டு சுற்று, 60 இடம் (ஏதாவது அணி தண்டனையாக இடத்தை இழந்தால் ஒன்றிரண்டு குறையும்). முதல் 30 பேருக்குச் சம்பள அட்டவணை உண்டு. அட்டவணைத் தொகையில் 80 முதல் 120 சதவீதம் வரை தரலாம், ஏறக்குறைய எல்லா அணியும் 120-ஐயே தருகிறது. 2024-ல் முதலில் எடுக்கப்பட்டவருக்கு முதல் ஆண்டு 1 கோடியே 25 லட்சம் டாலருக்குச் சற்று மேல். முப்பதாவது ஆளுக்கு 25 லட்சம் டாலரை ஒட்டி. தொகையைவிட முக்கியமானது, இரண்டு ஆண்டுச் சம்பளம் உத்தரவாதம். முதல் வாரமே முழங்கால் போனாலும் பணம் வரும். மூன்றாம், நான்காம் ஆண்டு அணியின் விருப்பம். மூன்றாம் ஆண்டு வேண்டுமா என்பதை முதல் சீசன் முடிந்த பிறகு வரும் அக்டோபர் 31-க்குள் அணி சொல்லிவிட வேண்டும். ஆகவே 19 வயதில் போனவருக்கு உண்மையில் கிடைப்பது ஒரே ஒரு சீசன். அதற்குள் காட்ட வேண்டியதைக் காட்ட வேண்டும்.

31-வது ஆளிலிருந்து அட்டவணையும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. நல்ல ஏஜென்ட் இருந்து, அணிக்கும் உண்மையான ஆசை இருந்தால் மூன்று, நான்கு ஆண்டு ஒப்பந்தம் வாங்கலாம். பட்டியலின் வால்பக்கம் இருப்பவருக்கு வழக்கமாகக் கிடைப்பது 'டூ-வே' ஒப்பந்தம். புதியவரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி; 2024-25-ல் சுமார் 5,78,000 டாலர். என்பிஏ அணியோடு 50 ஆட்டத்துக்கு மேல் இருக்க முடியாது, பிளே-ஆஃபில் ஆட முடியாது. மீதி நாள் என்பிஏவின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில். ஓர் அணிக்கு இப்படி மூன்று பேர். அதுவும் கிடைக்காதவர் வெறும் ஜி லீக் ஒப்பந்தத்தில் ஆடினால் ஒரு சீசனுக்கு 40,000 டாலரைச் சற்றே தாண்டும்.

கன்சாஸ் மாநிலத்தின் கோர்லியோன் யங் 1998-ல் பள்ளியிலிருந்து நேரே வந்தார். டெட்ராய்ட் 40-வது ஆளாக எடுத்தது. என்பிஏவில் அவர் ஆடியது மொத்தம் மூன்று ஆட்டம். திறமைக் குறைவு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பக்குவப்பட இரண்டு வருடம் தேவைப்படும் ஒரு பையனுக்குக் காத்திருக்க, இரண்டாம் சுற்றில் எடுத்த அணிக்குப் பணரீதியாக எந்தக் கட்டாயமும் இல்லை. முதல் சுற்றில் எடுத்தவரை, ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று என்பதற்காகவாவது வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு; பின்னால் வந்தும் நிலைத்து நின்றவர்கள் இருக்கிறார்கள். ஜேலன் பிரன்சன் விலனோவாவில் மூன்று ஆண்டு ஆடி 33-வது ஆளாக வந்தவர். விசிட்டா ஸ்டேட்டில் நான்கு ஆண்டு ஆடிய ஃபிரெட் வேன்விலீட்டை 2016-ல் யாருமே எடுக்கவில்லை. 2021-ல் ஆஸ்டின் ரீவ்ஸையும் எடுக்கவில்லை. லேக்கர்ஸில் டூ-வேயில் நுழைந்தார். ஆனால் இவர்கள் எல்லாரும் 21 முதல் 23 வயதில், முதல் நாளே ஆட்டத்தில் இறக்கத் தக்கவர்களாக வந்தார்கள். 19 வயதில், ஆட்டம் பாதி வெந்த நிலையில், 45-வது இடத்தை நம்பிப் போவது வேறு விஷயம். எங்கள் பரிந்துரை: எதிர்பார்க்கும் இடம் முதல் 20-க்குள் என்றால் போகலாம், கல்லூரியில் இன்னொரு வருடம் காயத்துக்குத்தான் இடம் கொடுக்கும். 25-க்கு மேல் என்றால் திரும்பிப் போய் ஆடுவதே நல்லது.

கைக்கு வரும் தொகை பற்றியும் ஒரு வார்த்தை. ஏஜென்டுக்கு அதிகபட்சம் 4 சதவீதம். மத்திய வருமான வரியின் உச்ச விகிதம் 37 சதவீதம். சொந்த அணியின் மாநிலத்துக்கு மட்டுமல்ல, வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் மாநிலங்களுக்கும் அந்தந்த நாள்களுக்கு வரி கட்ட வேண்டும். டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியாவில் 13.3 சதவீதம் வரை போகும். போதாதற்கு லீக் 10 சதவீதத்தைப் பிடித்துவைத்து ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகே தீர்க்கும். முதல் சம்பளம் நவம்பர் நடுவில்தான். கையெழுத்திட்டவுடன் கடனில் கார் வாங்குகிறவர்கள் மாட்டுவது இதில்தான்.

என் அண்ணன் மகன் இங்கே ஒரு கல்லூரி அணியில் இரண்டாம் ஆண்டு ஆடுகிறான். ஏஜென்ட் என்று ஒருவர் விமான டிக்கெட்டும் செலவுக்குப் பணமும் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– நியூ ஜெர்சி வாசகி

அவசரப்பட வேண்டாம். 2018 முதல் கல்லூரி ஆட்டக்காரர் ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வரிசை உண்டு. முதலில் மேலே சொன்ன மதிப்பீட்டை உங்கள் அண்ணன் மகன் கேட்டிருக்க வேண்டும். ஏஜென்ட் என்சிஏஏவின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் பிறகு, அணிகளின் பயிற்சிச் சோதனைக்குப் போகவர ஆகும் பயணம், தங்கல், சாப்பாட்டுச் செலவை அவர் ஏற்கலாம். கல்லூரிக்குத் திரும்ப முடிவெடுத்தால் ஒப்பந்தத்தை முறித்துவிட வேண்டும்.

'செலவுக்குப் பணம்' அந்தப் பட்டியலில் இல்லை. கேட்காமலே பணத்தோடு வருபவரிடம், சான்று எண்ணையும் ஒப்பந்த நகலையும் கல்லூரியின் விதி கண்காணிப்பு அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் என்றால் அன்றே அனுப்புவார். பையன் இந்தியக் கடவுச்சீட்டில், எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விளம்பர வருமானம்கூட விசா விதியை மீறியதாகலாம். குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

முன்கூட்டியே பெயர் கொடுப்பவர்கள் குறைந்துவிட்டதாகப் படித்தேன். உண்மையா?
– சேலம் வாசகர்

உண்மை. 2021-ல் 353 பேர், 2025-ல் 106 பேர். காரணம் பணம். 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை 1 முதல், ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, கல்லூரியே நேரடியாகச் சம்பளம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய கல்லூரியில் நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைப்பது இன்று டூ-வே சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. பள்ளி முடித்தவர்களுக்காகவே என்பிஏ 2020-ல் தொடங்கிய ஜி லீக் இக்னைட் அணியும் இதனால்தான் 2024-ல் மூடப்பட்டது. ஜேலன் க்ரீன், ஸ்கூட் ஹென்டர்சன் ஆகியோர் அதில் வந்தவர்கள்.

பத்தாயிரக்கணக்கான பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தை ஆடியவர்களுக்கு இத்தனை காலம் சம்பளமே கொடுக்காமல் இருந்தது அநியாயம். அது தீர்ந்ததில் எங்களுக்கு முழு மகிழ்ச்சி.

பெண்கள் யாரும் பாதியில் போவதாகக் கேள்விப்படவில்லையே?
– மதுரை வாசகி

விதி வேறு. அமெரிக்கக் கல்லூரியில் ஆடுபவர் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவின் டிராஃப்டுக்கு வர, அந்த ஆண்டில் 22 வயது ஆக வேண்டும், அல்லது பட்டம் பெற வேண்டும், அல்லது பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆக வேண்டும். மூன்றாம் ஆண்டிலேயே 22 ஆகிறவர்களுக்கு மட்டும் வாய்ப்பு. ஆரெகனின் சாட்டூ சபாலி 2020-ல் அப்படிப் போனார். 2025-ல் முதல் சில இடங்களுக்குள் வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்த ஒலிவியா மைல்ஸ் போகாமல் வேறு கல்லூரிக்கு மாறினார். சம்பளமும் இழுக்கவில்லை. 2024-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டு அடிப்படைச் சம்பளம் 76,535 டாலர்.

பாதியில் விட்ட படிப்பு அவ்வளவுதானா?
– திருச்சி வாசகர்

இல்லை. மைக்கேல் ஜோர்டன் 1984-ல் விட்டு 1986-ல் பட்டம் முடித்தார். ஷகீல் ஓ'நீல் 1992-ல் விட்டு 2000-ல். ஸ்டெஃப் கரி 2009-ல் விட்டு 2022-ல். 2019 ஆகஸ்டிலிருந்து, உதவித்தொகையில் ஆடிய கூடைப்பந்து மாணவர் பத்து ஆண்டுக்குள் அதே கல்லூரிக்குத் திரும்பினால் கட்டணமும் புத்தகச் செலவும் கல்லூரியே ஏற்க வேண்டும். ஆனால் போகும் முன் குறைந்தது இரண்டு ஆண்டு படித்திருக்க வேண்டும். ஒரே வருடத்தில் போனவருக்கு இந்தச் சலுகை கிடையாது. முடிவெடுக்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்திய வம்சாவளியில் இப்படிப் போனவர் உண்டா?
– ஈரோடு வாசகர்

உண்டு. டொரன்டோவில் பிறந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை சிம் புல்லர், ஏழடி ஐந்து அங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டு ஆண்டு ஆடிவிட்டு 2014-ல் பெயர் கொடுத்தார். யாரும் எடுக்கவில்லை. இன்றைய ஜி லீக்கின் பழைய வடிவத்தில் ரீனோ அணிக்கு ஆடி, 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸிடம் பத்து நாள் ஒப்பந்தம் பெற்றார். மூன்று ஆட்டம் ஆடினார். என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் அவரே. அதே 2015 ஜூனில் பஞ்சாபின் சத்னம் சிங்கை டல்லாஸ் 52-வது ஆளாக எடுத்தது. அவர் கல்லூரிக்குப் போகாமல் ஃப்ளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமியிலிருந்து நேரே வந்தவர். என்பிஏ ஆட்டம் ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை.